அட்டாரா கச்சேரியும் இலவசப் பள்ளியும்
பெங்களூர்த் தமிழர் கல்வி வரலாற்றில் சில ஏடுகள்

ஊரிலிருந்து வரும் உறவினரைக் கப்பன் பூங்காவுக்கு அழைத்துச் செல்லாத தமிழ்க் குடும்பம் நம் குடியிருப்பில் இராது. விதான சௌதாவின் வனப்பைக் காட்டிவிட்டு எதிர்ப்புறம் திரும்பினால், செங்காவி பூசி நீண்டு கிடக்கும் ஈரடுக்கு மாளிகையொன்று கண்ணிற் படும். இன்று கர்நாடக உயர்நீதிமன்றம் வீற்றிருக்கும் இடம் அது. மைசூர் ஆட்சியின் பதினெட்டு அலுவலகங்களும் ஒரே கூரையின்கீழ் இயங்க வேண்டும் என்று 1864-இல் தொடங்கி 1868-இல் கட்டி முடித்தனர். பதினெட்டு என்னும் பொருள்படும் சொல்லைக் கொண்டு மக்கள் அதனை 'அட்டாரா கச்சேரி' என்றே வழங்கினர். அக்கட்டடத்தின் ஒப்பந்தத்தை ஏற்று முடித்துக் கொடுத்தவர் ஒரு தமிழர். ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் என்பது அவர் பெயர்.

கட்டடத்தைப் பற்றி எழுதுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. அது எழுந்து ஐந்தாண்டுகள் கழிந்தபின், 1873-இல், அதே முதலியார் தண்டுப் பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்கென்று ஓர் இலவச ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார். அரசாங்கத்துக்குக் கச்சேரி கட்டிக் கொடுத்த கை, சம்பளம் வாங்காத பள்ளிக்கூடம் ஒன்றையும் கட்டியது. பள்ளிக்கு யார் பணம் கொடுப்பது, எந்தப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புவது, எந்த மொழியில் பாடம் சொல்வது என்னும் மூன்று கேள்விகளும் அதன்பின் நூறாண்டுகளுக்கு மேலாக இந்நகரில் வளர்ந்து பெருவழக்காயின. வழக்காடிய இடமும் அந்த அட்டாரா கச்சேரியே. அவ்வரலாற்றில் சில ஏடுகளைப் புரட்டிக் காட்டுவதே என் எண்ணம்.

முதலில் பணத்தைப் பற்றிக் கூறுவோம்.

நம் பாட்டனார் காலத்துத் திண்ணைப் பள்ளியில் ஆசிரியர்க்கு நெல்லும் காசும் ஊராரே அளந்தனர். அரசுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1854-இல் இலண்டனிலிருந்து சர் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி ஆணை இந்நிலையை மாற்றியது. அரசாங்கம் எல்லாப் பள்ளிகளையும் தானே நடத்த இயலாது. ஆகவே, பொதுமக்களும் பாதிரிமாரும் நடத்தும் பள்ளிகளுக்கு மானியம் கொடுக்கலாம். கொடுப்பதாயின் பரிசோதனை அதிகாரி வந்து பார்க்க இசைய வேண்டும் என்பது அதன் சாரம். அதில் மற்றொரு நிபந்தனையும் இருந்தது. மானியம் வேண்டும் பள்ளி, எவ்வளவு சிறிதாயினும், மாணவரிடம் ஒரு கட்டணம் வாங்க வேண்டும். இலவசமாகக் கிடைப்பதை மக்கள் மதிக்கமாட்டார்கள் என்பது வெள்ளையரின் எண்ணம்.

இக்கருத்து ஆட்சி செலுத்திய நாளில் முதலியார் 'கட்டணம் இல்லை' என்று பலகை மாட்டினார் என்பதை நாம் மறத்தலாகாது. 1827-இல் பிறந்து வாணிகத்தாலும் ஒப்பந்தத் தொழிலாலும் தம் முயற்சியால் செல்வம் ஈட்டியவர் அவர். ஆங்கிலம் அறியாத ஏழைக்குத் தண்டில் கூலி வேலையன்றி வேறு வழியில்லை என்பதைக் கண்ணாரக் கண்டவர். ஆதலின் அவர் கொடுத்த கல்வி ஆங்கிலக் கல்வி. தமிழ்ப் பற்றுடைய அன்பர் சிலர் இதனைக் கேட்டு முகம் சுளிக்கக்கூடும். அன்றைய ஏழைப் பெற்றோர் முகம் சுளிக்கவில்லை. சென்னையில் பச்சையப்ப முதலியார் 1794-இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற அறப்பொருள் நீதிமன்றங்களில் நெடுநாள் கிடந்து, 1842-இல்தான் பள்ளியாக முளைத்தது. நம் நாராயணசாமி முதலியாரோ வாழும்போதே பள்ளி கண்டார். 1910-இல் மறையும்வரை அதன் வளர்ச்சியையும் கண்டார். ராய் பகதூர் என்னும் பட்டத்தோடு அவர் பெயர் தாங்கிய கல்வி அறக்கட்டளை அல்சூர் ஏரிக்கு அண்மையில் இன்றும் பள்ளிகளும் கல்லூரியும் நடத்தி வருகிறது.

அதே காலத்தில் மைசூர் நாட்டுப்புறத்தில் வேறொரு முயற்சி நடந்தது. கன்னடக் கல்வெட்டுகளைத் தொகுத்துப் புகழ்பெற்ற பி. எல். ரைஸ் என்பவரை அறிஞர் அனைவரும் அறிவர். பெங்களூரிலேயே பிறந்த பாதிரியார் மகன் அவர். கல்வெட்டுப் படிப்பதற்கு முன் அவர் பள்ளிக்கூடம் பார்த்தவர். ஒவ்வொரு ஹோப்ளிக்கும், அதாவது நம் வழக்கில் பிர்க்காவுக்கும், ஒரு பள்ளி வேண்டும் என்னும் திட்டத்தை 1868-இல் வகுத்தவர் அவரே. ஊரார் பள்ளிக்கு இடம் தர வேண்டும். ஆசிரியர் ஊதியத்தை அரசு தரும். தண்டில் ஒரு வணிகரின் கொடை, நாட்டுப்புறத்தில் ஊரும் அரசும் சேர்ந்த கூட்டு, நகரில் பாதிரிமாரின் பள்ளிகள் என்று மூன்று வாய்க்கால்களில் பணம் ஓடியது. இன்றைய அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி என்னும் பிரிவுகளுக்கு வித்து அன்றே ஊன்றப்பட்டது எனலாம்.

'தண்டு' என்று கூறினேன். இளையோர்க்கு அச்சொல் புதிதாக இருக்கலாம். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஆங்கிலப் படை 1809-இல் இங்கு வந்து பாளையமிறங்கியது. படைக்கு உணவு, உடை, வண்டி, கட்டடம் எல்லாம் வேண்டுமன்றோ? அவற்றைத் தரும் தொழில்களை நாடி ஆர்க்காடு, வேலூர், சேலம், சென்னை ஆகிய திசைகளிலிருந்து தமிழர் வந்து நிறைந்தனர். மேற்கே கெம்பே கௌடர் கண்ட பேட்டை, கிழக்கே தண்டு. 1862 முதல் இரண்டுக்கும் தனித்தனி நகராட்சி. 1881-இல் மைசூர் அரசு மீண்டும் மன்னரிடம் ஒப்படைக்கப்பட்டபோதும் தண்டு மட்டும் ஆங்கிலேயர் கையிலேயே தங்கியது. ஆகவே ஒரே ஊரில் இரண்டு ஆட்சிகள் நடந்தன. பேட்டைப் பையன் கன்னடப் பாடநூலைத் திறப்பான். பூங்காவைத் தாண்டினால், தண்டுப் பையன் தமிழ்ப் பாடநூலைத் திறப்பான். உயர்கல்விக்கு இருவருமே சென்னைப் பல்கலைக்கழகத்தை நோக்கியிருந்தனர். 1916-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை நம் சென்ட்ரல் கல்லூரியும் சென்னையோடு இணைந்ததே.

கட்டாயக் கல்வியில் மைசூர் அரசு ஆங்கில இந்தியாவுக்கு முந்திக்கொண்டது. 1893-இல் அம்ரேலி வட்டத்திலும், 1906-இல் தம் நாடு முழுவதிலும் பரோடா மன்னர் சயாஜிராவ் கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்தார். அதனைக் காட்டிக் கோகலே கொண்டுவந்த மசோதாவை 1912-இல் ஆங்கில அரசு தள்ளிவிட்டது. மறு ஆண்டே, விசுவேசுவரய்யா திவானாயிருந்த 1913-இல், மைசூர் அரசு தொடக்கக் கல்விச் சட்டத்தை இயற்றித் தெரிந்தெடுத்த இடங்களில் கட்டாயக் கல்வியை நடைமுறைப்படுத்தியது. பணத்தட்டுப்பாட்டால் அது நாடெங்கும் பரவக் காலம் பிடித்தது. சட்டம் செய்வதற்கும் பள்ளி செய்வதற்கும் உள்ள தொலைவு அன்றும் இன்றும் ஒன்றே.

1947-இல் தண்டு மைசூர் அரசுக்குத் திரும்பியது. 1949-இல் இரு நகராட்சிகளும் கூடி ஒரே மாநகராட்சி ஆயின. அதுவரை தண்டுத் தமிழன் தன்னைச் சிறுபான்மையினன் என்று எண்ணியதேயில்லை. தெருவில் கேட்டதும் தமிழ், கடையில் கேட்டதும் தமிழ். ஒரு கையெழுத்தில் அவன் வேறொரு மொழிநாட்டின் குடிமகனானான். இம்மாறுதலை நாம் குறையாகக் கூறவில்லை. நாடு விடுதலை பெற்றபின் அயலார் தனிப் பகுதி வைத்திருப்பது எங்ஙனம் பொருந்தும்? ஆயினும் பள்ளிகளுக்கு இது பெரிய மாற்றம். தமிழ் வகுப்பு நடைபெறுவது வழக்கத்தின் வலிமையால் அன்று, விதியின் வலிமையால் என்றாயிற்று.

அவ்விதி யாது? நம்மில் எத்தனை பெற்றோர் அதனை அறிவர் என்பது ஐயமே. 1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடிச் செய்த முடிவு ஒன்றுண்டு. ஒரு தொடக்கப் பள்ளியில் வட்டார மொழியல்லாத வேறொரு தாய்மொழியினர் மொத்தம் நாற்பது பேரேனும், ஒரு வகுப்பில் பத்துப் பேரேனும் இருப்பின், அவர்க்கு அத்தாய்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்பது அது. மாநிலங்கள் மொழிவழி பிரிந்த 1956-இல், தொடக்கக் கல்வியில் தாய்மொழி வழிப் போதனைக்கு ஏற்பாடு செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்னும் 350-ஏ பிரிவு அரசியல் சட்டத்தில் சேர்ந்தது. சிறுபான்மையினர் தாமே பள்ளி நிறுவி நடத்தும் உரிமையை 30-ஆம் பிரிவு முன்னரே கொடுத்திருந்தது. ஆக, சட்டம் நமக்குத் துணை நின்றது. ஆனால் அச்சட்டத்தின் கணக்கை உற்று நோக்குக: பத்து, நாற்பது. விண்ணப்பத்தில் தமிழ் என்று எழுதுவோர் ஒன்பதாகக் குறைந்தால் ஆசிரியர் இல்லை. எவரும் தமிழ் வகுப்பை மூட வேண்டியதில்லை. நாமே அனுப்பாதிருந்தால் போதும்.

அனுப்பாதிருக்கத் தொடங்கிய காலமும் அதுவே. எச். ஏ. எல்., ஐ. டி. ஐ., எச். எம். டி., பி. இ. எல். என்று பெருந்தொழிற்சாலைகள் எழுந்தன. அவற்றின் குடியிருப்புகளில் கேரளத்தவரும் ஆந்திரரும் கன்னடரும் நாமும் ஒரே சுவருக்கு இருபுறமும் வாழலானோம். 1963-இல் மத்தியப் பள்ளிகள் தோன்றி, மாற்றலுக்கு ஆளாகும் ஊழியரின் பிள்ளைகளை ஈர்த்தன. பக்கத்து வீட்டுப் பையன் ஆங்கில வழியில் படிக்கும்போது நம் பையன் மட்டும் தமிழ்ப் பிரிவிலா என்ற கேள்வியை முதலில் கேட்டவர் அரசினர் அல்லர், நம் இல்லத்தரசியர். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நாளை டில்லிக்கோ பம்பாய்க்கோ மாற்றல் வந்தால் தமிழ்ப் பிரிவை எங்கே தேடுவது?

இனி மொழிப் பூசலுக்கு வருவோம். இதனை வெறுப்பின்றிக் கூற வேண்டும் என்பது என் விருப்பம்.

உயர்நிலைப் பள்ளியில் முதல் மொழியாகச் சமஸ்கிருதத்தைத் தெரிந்துகொண்டு, கன்னட நாட்டிலேயே கன்னடம் படிக்காமல் பள்ளியை முடித்துவிடலாம் என்னும் நிலை ஒரு காலத்தில் இருந்தது. இதனை ஆராய 1980-இல் பேராசிரியர் வி. கே. கோகாக் தலைமையில் ஒரு குழு அமைந்தது. கன்னடமே ஒரே முதல்மொழியாதல் வேண்டும் என்று 1981-இல் அக்குழு பரிந்துரைத்தது. அரசு தயங்கிற்று. எழுத்தாளரும் மாணவரும் கிளர்ந்தனர். 1982-இல் நடிகர் ராஜ்குமார் கிளர்ச்சியில் இறங்கியதும் நாடே திரண்டது. அவ்வாண்டு ஜூலை 20-ஆம் நாள் குண்டுராவ் அரசு ஆணை பிறப்பித்தது. மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றம் சென்றனர். 1989 ஜனவரியில் உயர்நீதிமன்றத்தின் முழு ஆயம், அவ்வாணை சமத்துவத்துக்கும் சிறுபான்மையினர் உரிமைக்கும் முரணானது என்று தீர்ப்பளித்தது. முதலியார் கட்டிய கூரையின்கீழ் ஒலித்த தீர்ப்பு அது.

தன் நாட்டில் தன் மொழி அருகிப் போகிறதே என்னும் கன்னடரின் கவலையைப் பழித்தல் நமக்கு அழகன்று. நம் தாய்நாடான தமிழகமே 2006-இல் தமிழ் கற்றல் சட்டம் இயற்றி, எல்லாப் பள்ளிகளிலும் தமிழைக் கட்டாயமாக்கியது. ஒசூரிலும் கிருஷ்ணகிரியிலும் வாழும் தெலுங்கரும் கன்னடரும் அன்று எழுப்பிய கேள்விகள், நாம் இங்கே 1982-இல் எழுப்பியவையே. எல்லைக்கு இப்பால் ஒரு நீதி, அப்பால் ஒரு நீதி என்று பேசுவது பொருந்தாது. கர்நாடகமும் 2015-இல் கன்னட மொழி கற்றல் சட்டத்தை இயற்றியது. அது கன்னடத்தை ஒரு பாடமாகக் கற்கச் சொல்வது. இந்நாட்டில் உண்டு வாழும் நம் பிள்ளைகள் இந்நாட்டு மொழியைக் கற்பதில் நமக்கு என்ன இழப்பு? பாடமாகக் கற்பது வேறு. பயிற்று மொழியாவது வேறு. அவ்வேறுபாட்டில்தான் அடுத்த இருபது ஆண்டுப் போர் நிகழ்ந்தது.

1989 ஜூனில் வந்த புதிய ஆணை, முதல் நான்கு வகுப்புகளில் தாய்மொழிக்கு முதலிடம் தந்தது. உச்ச நீதிமன்றம் 1993 டிசம்பரில் அதனை ஏற்றுக்கொண்டது. அதன்பின் 1994 ஏப்ரல் 29-ஆம் நாள் வந்த ஆணை இன்னும் இறுக்கமானது. முதல் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை பயிற்று மொழி, பிள்ளையின் தாய்மொழியாகவோ கன்னடமாகவோ இருத்தல் வேண்டும். ஆங்கில வழி, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது.

இந்த ஆணையை நாமன்றோ கொண்டாடியிருக்க வேண்டும்? தமிழ்ப் பிள்ளை தமிழில் படிக்கலாம் என்று அரசே சொல்லிவிட்டது! கொண்டாடியவர் சிலரே. நான் என் செயலையே சொல்லிவிடுகிறேன். 1995-ஆம் ஆண்டு ஜூன் மாதம் என் மகனை முதல் வகுப்பில் சேர்க்கச் சென்றேன். பள்ளியின் பெயர் வேண்டா. விண்ணப்பத்தில் 'தாய்மொழி' என்றொரு கட்டம் இருந்தது. நான் தமிழ் என்று எழுதப் பேனாவை வைத்தேன். எழுத்தர் என் கையைத் தடுத்து, "சார், இங்கிலீஷ் என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் இடமில்லை" என்றார். தண்டில் தமிழ்ப் பிரிவில் படித்து, அதன் பயனாலேயே தொழிற்சாலையில் வேலை பெற்றவன் நான். சங்கத்தின் பொங்கல் விழாவில் மேடையேறிப் பேசியவன். எழுத்தர் சொன்னவாறே எழுதிக் கையொப்பமிட்டு வந்தேன். வீட்டில் தாயார் கேட்டபோது இடம் கிடைத்தது என்று மட்டும் சொன்னேன்.

இவ்வாறு எழுதியவன் நான் ஒருவன் மட்டும் அல்லேன் என்பதைப் பின்னர் அறிந்தேன். கன்னட வழி நடத்துவதாக அனுமதி பெற்று, உள்ளே ஆங்கில வழி நடத்திய பள்ளிகளும் பெருகின. 2006-இல் அரசு விழித்துக்கொண்டு, அத்தகைய ஏராளமான பள்ளிகளின் அங்கீகாரத்தை விலக்க முற்பட்டது. பெற்றோர் பதைத்தனர், பள்ளி நிருவாகங்கள் வழக்காடின. 2008 ஜூலை 2-ஆம் நாள் உயர்நீதிமன்றத்தின் முழு ஆயம், உதவி பெறாத தனியார் பள்ளிகளை 1994-ஆம் ஆண்டு ஆணை கட்டுப்படுத்தாது என்று தீர்த்தது. அரசு மேல்முறையீடு செய்தது.

2014 மே 6-ஆம் நாளை நம் கல்வி வரலாற்றில் மறக்கவியலாத நாளாகக் குறிக்கலாம். அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட ஒரே ஆயம் இரண்டு தீர்ப்புகளை வழங்கியது. இரண்டையும் எழுதியவர் நீதிபதி பட்நாயக். முதல் தீர்ப்பு நம் கர்நாடக வழக்கு. பிள்ளையின் தாய்மொழி எது என்பதைப் பெற்றோரோ காப்பாளரோ தீர்மானிப்பர். தொடக்கப் பள்ளியில் எம்மொழியில் படிப்பது என்பதும் அவர் விருப்பம். தாய்மொழியே பயிற்று மொழியாக வேண்டும் என்று அரசு வற்புறுத்துதல் கூடாது என்று அது கூறியது. இரண்டாவது, பிரமதி அறக்கட்டளை வழக்கு. கட்டாய இலவசக் கல்விச் சட்டம் செல்லும். ஆயினும் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை, அவை உதவி பெறுபவையாயினும் பெறாதவையாயினும், அச்சட்டம் கட்டுப்படுத்தாது என்று அது கூறியது. இவ்விரண்டாம் தீர்ப்பின் மேல் 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் வேறோர் ஆயம் ஐயம் எழுப்பி, பெரிய ஆயத்தின் ஆய்வுக்கு விடுத்திருக்கிறது.

அக்கட்டாயக் கல்விச் சட்டத்தின் கதையும் கர்நாடக மண்ணில் முளைத்ததே. 1989-இல் மாநில அரசு மருத்துவக் கல்லூரிக் கட்டணங்களை வகுத்தபோது, அரசு இடத்துக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய், மாநிலத்தவர்க்கு 25,000 ரூபாய், வெளியார்க்கு 60,000 ரூபாய் வரை என்று வைத்தது. உத்தரப் பிரதேசத்து மாணவி ஒருவர் தும்கூரில் இடம் தேடி வந்து, இத்தொகை கட்ட இயலாமல் வழக்குத் தொடுத்தார். கல்வி என்பது குடிமகனின் உரிமை என்று 1992-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. மறு ஆண்டு அவ்வுரிமையைப் பதினான்கு வயதுவரை என்று வரையறுத்தது. 2002-இல் அது அரசியல் சட்டத்தில் ஏறியது; 2009-இல் சட்டமாகி 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. மருத்துவக் கல்லூரிக் கட்டணத்தில் தொடங்கிய வழக்கு, முதல் வகுப்புப் பிள்ளையின் பலகையில் வந்து முடிந்தது!

இச்சட்டத்தின் ஒரு கூறு, நம் குடியிருப்பைச் சுற்றி வாழும் ஏழைத் தமிழ்க் குடும்பங்களை நேரே தொட்டது. உதவி பெறாத தனியார் பள்ளி ஒவ்வொன்றும், நுழைவு வகுப்பில் நூற்றுக்கு இருபத்தைந்து இடங்களை அண்டையில் வாழும் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். அவர்களுக்கான செலவை அரசு திருப்பித் தரும். அதுவும் அரசு தன் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் செலவிடும் தொகைக்கு மேற்படாது. கர்நாடகத்தில் இது 2012 முதல் நடந்தது. வீட்டு வேலை செய்வோரும் தானியங்கி வண்டி ஓட்டுவோரும் தம் பிள்ளைக்குக் கழுத்துப்பட்டை கட்டி அனுப்பியதை நாம் கண்டோம். அரசுப் பணம் பள்ளியைத் தேடிச் செல்லாமல், பிள்ளையைப் பின்தொடர்ந்து செல்லட்டும் என்னும் கருத்தை அமெரிக்கப் பொருளியலறிஞர் மில்டன் ஃபிரீட்மன் 1955-இலேயே எழுதியிருந்தார். சிலி நாடு 1981-இல் அதனை நாடளாவச் செயற்படுத்தியது. நம் சட்டம் அதனோடு முற்றும் ஒத்ததன்று. எனினும் பெற்றோர் தெரிவு என்னும் கதவைச் சிறிது திறந்தது.

அக்கதவை 2019-இல் கர்நாடக அரசு ஏறக்குறைய மூடியது. அண்டையில் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருக்குமாயின், அங்குத் தனியார் பள்ளியில் இவ்விடம் கேட்க இயலாது என்று விதியைத் திருத்தியது. விண்ணப்பங்கள் வெகுவாகக் குறைந்தன. பெங்களூர் போன்ற நகரில் அரசுப் பள்ளி அண்டையில் இல்லாத தெரு எது? அவ்வாண்டு மே மாத இறுதியில் உயர்நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. 2024-இல் மராட்டிய அரசு இதுபோன்றதொரு விதி செய்தபோது பம்பாய் உயர்நீதிமன்றம் அதனைத் தள்ளியது. உச்ச நீதிமன்றமும் அம்முடிவில் தலையிடவில்லை. ஒரே சட்டம், இரு மாநிலங்களில் இரு முகம் காட்டியது.

இதில் என் கருத்து யாதெனில், இரு பக்கத்தாரும் உண்மையே கூறுகின்றனர். தம் பணத்தைக் கொண்டு தனியார் பள்ளியை வளர்த்துவிட்டுத் தம் பள்ளியைக் காலி செய்வதா என்று அரசு கேட்டது. அக்கேள்வியைப் புறந்தள்ள இயலாது. எழுதப் படிக்கத் தெரிந்தவன் பிள்ளைக்கு மட்டும் தெரிவு, வேலைக்காரி பிள்ளைக்கு இல்லையா என்று ஏழைத் தாய் கேட்கிறாள். அதனையும் புறந்தள்ள இயலாது. அருகமைப் பள்ளியில் எல்லாரும் ஒன்றாகப் படிக்கும் பொதுப் பள்ளி முறை வேண்டும் என்று கோத்தாரிக் குழு 1966-இலேயே எழுதியது. அதனைப் பாராட்டிப் பேசிய நாம் யாரும் நம் பிள்ளையை அங்கே அனுப்பவில்லை. பள்ளியை விட்டு முதலில் வெளியேறியவர் கட்டணம் கட்ட வல்லவர். அவர் போனபின், ஒழுகும் கூரையைப் பற்றி அதிகாரியிடம் சென்று உரத்துப் பேச அப்பள்ளிக்கு ஆள் இல்லாமற் போயிற்று. எங்கள் காலத்தில் பள்ளிச் சுவர் விரிந்தால், மறு நாளே தொழிற்சாலை மேஸ்திரியும் கடைக்காரரும் தலைமையாசிரியர் முன் நிற்பர். அவர்கள் பிள்ளைகள் அச்சுவரின் கீழ் அமர்ந்திருந்தன.

2019-20-இல் கர்நாடக அரசு ஆயிரம் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகளைத் தொடங்கியது. கன்னட எழுத்தாளர் பலர் எதிர்த்தனர். பெற்றோர் வரிசையில் நின்று சேர்த்தனர். 1873-இல் நாராயணசாமி முதலியார் எதைக் கொடுத்தாரோ அதனையே, கட்டணமில்லா ஆங்கிலக் கல்வியையே, நூற்று நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து அரசு கொடுக்கத் தொடங்கியது. தண்டுப் பகுதியின் பழைய தமிழ்ப் பிரிவுகளோ ஒவ்வொன்றாக மெலிந்தன. நான் படித்த பிரிவில் ஓர் ஆசிரியர் ஓய்வு பெற்றார், அவ்விடம் நிரப்பப்படவில்லை. ஆசிரியர் இல்லை என்று பிள்ளைகள் வரவில்லை. பிள்ளைகள் வரவில்லை என்று ஆசிரியர் இல்லை. பத்தும் நாற்பதும் என்ற கணக்கு அங்கே முடிந்தது. இன்று நம் பிள்ளைகள் தமிழ் எழுத்தை அறிவது பெரும்பாலும் சங்கங்களின் ஞாயிறு வகுப்புகளில்தான். அவ்வகுப்புகளுக்கு அரசு மானியம் இல்லை, கட்டணமும் இல்லை, கற்பிப்போர் ஓய்வு பெற்ற அம்மையார் சிலர்.

சென்ற ஆண்டு என் பேத்தியைப் பள்ளியில் சேர்க்க மகனுடன் நானும் சென்றிருந்தேன். விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு வந்தவன், 'தாய்மொழி' என்னும் கட்டத்துக்கு வந்ததும் எழுதாமல் காகிதத்தை என்பால் நீட்டினான். அவன் 1995-ஐ அறிவான். நான் தமிழ் என்று எழுதினேன். எழுத்தர் வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேளாமல், கட்டணம் செலுத்தும் சாளரத்தைக் காட்டினார்.